ஆணையும் ஆலோசனையும்: மைசூர் மண்ணில் நிகழ்ந்த சீர்திருத்தங்கள்

கொள்ளேகாலத்திலிருந்து மலை மாதேஸ்வரர் மலையை நோக்கிச் செல்லும் வனப்பகுதியில், தமிழக எல்லைக்கு அருகே அமைந்துள்ளது மார்டள்ளி. கர்நாடகத்திற்குள் இருந்தாலும் தமிழ் பேசும் ஊர் இது. மேட்டூர் நீர்த்தேக்கமும் இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. இன்று இவ்வூர் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997ஆம் ஆண்டில் அம்மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்னர், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை, கொள்ளேகால வட்டம் முழுவதும் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது.

ஆகவே, மைசூர் நாட்டின் புகழ்பெற்ற சீர்திருத்தக் காலத்தில் மார்டள்ளி மைசூருக்கு அண்டையில் இருந்ததேயன்றி, மைசூருக்குள் இருக்கவில்லை. எல்லைக்கோட்டின் ஒருபுறம் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியரின் நிர்வாகம். மறுபுறம் மைசூர் மன்னரின் நிர்வாகம். ஒரே காவிரிக் கரையில் வாழ்ந்த மக்களுக்கு இரு வேறு சட்டங்கள், இரு வேறு கருவூலங்கள்.

அக்கோட்டின் மறுபுறத்தில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், அதாவது மக்கள் வழக்கில் ‘நால்வடி’ கிருஷ்ணராஜ உடையார், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆட்சி புரிந்தார். அணைக்கட்டு, மின்சாரம், பல்கலைக்கழகம், வங்கி எனப் பல அமைப்புகள் அவர் காலத்தில் தோன்றின. அவற்றுள் பல இன்றும் உயிருடன் உள்ளன. ஒரு மன்னர் கொண்டுவரும் சீர்திருத்தம் அவருக்குப் பின்னரும் நிலைப்பது எதனால்? அவர் மறைந்தவுடன் அழிந்துபோவது எதனால்? வங்கியின் வாடிக்கையாளர்களாகிய நமக்கு இக்கேள்வி அயலானதன்று. நாம் ஒப்படைக்கும் பணத்தின் பாதுகாப்பும் இறுதியில் அமைப்புகளின் நிலைபேற்றையே சார்ந்திருக்கிறது.

சீனப் பேரரசின் பயிர்க்கடன்

முதலில் ஒரு பழைய சீனச் செய்தியைக் காண்போம். 1067ஆம் ஆண்டில் சோங் பேரரசின் அரியணையில் ஷென்சோங் என்னும் இளம் பேரரசர் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபதைக்கூட எட்டவில்லை. கருவூலம் நலிந்திருந்தது, உழவர்கள் கந்துவட்டிக்காரர்களின் பிடியில் சிக்கியிருந்தனர். வாங் ஆன்ஷி என்னும் அமைச்சரின் துணையுடன் பேரரசர் நிலவரி, படை, வாணிகம், தேர்வுமுறை ஆகிய அனைத்திலும் மாற்றங்களைத் தொடங்கினார்.

அவற்றுள் நம் கவனத்திற்குரியது 1069ஆம் ஆண்டில் அறிமுகமான ‘இளம்பயிர்க் கடன்’ திட்டமாகும். விளைச்சல் கைக்கு வருவதற்கு முந்தைய மாதங்களில் உழவனின் குதிர் காலியாக இருக்கும். வயலில் பயிர் பச்சையாக நிற்கும். அவ்வேளையில்தான் அவன் வட்டிக்காரரின் வாசலுக்குச் செல்ல நேரிடும். அரசின் தானியக் களஞ்சியங்களில் முடங்கிக் கிடந்த செல்வத்தை முதலாகக் கொண்டு, ஆண்டுக்கு இருமுறை அரசே உழவர்களுக்குக் கடன் வழங்கியது. அறுவடைக்குப் பின்னர் நூற்றுக்கு இருபது வட்டியுடன் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். இன்றைய கண்ணுக்கு இவ்வட்டி மிகையாகத் தோன்றலாம். ஆனால் தனியார் வாங்கிய வட்டியுடன் ஒப்பிட்டால் இது குறைவே.

நோக்கம் நல்லது, நடைமுறையோ பிழைத்தது. எவ்வளவு கடன் வழங்கினார்கள் என்பதைக் கொண்டே அதிகாரிகளின் திறமை அளக்கப்பட்டது. ஆகவே, கடன் தேவைப்படாதவர்மீதும் அது சுமத்தப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்குப் பிணையாக வசதியுள்ள குடும்பங்களும் குழுக்களில் சேர்க்கப்பட்டன. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் தண்டல் நிற்கவில்லை. உழவனை வட்டிக்காரரிடமிருந்து மீட்க வந்த அரசு, தானே ஒரு வட்டிக்காரராக மாறிவிட்டது என எதிர்ப்பாளர்கள் குற்றஞ்சாட்டினர். 1085ஆம் ஆண்டில் பேரரசர் மறைந்தார். எதிரணித் தலைவரான சிமா குவாங் பொறுப்பேற்றதும், ஓராண்டு காலத்திற்குள் அவருடைய சீர்திருத்தங்களுள் பெரும்பாலானவை நீக்கப்பட்டன.

ஆணையின் வலிமையால் மட்டுமே நின்ற மாற்றம், ஆணையிட்டவரின் மறைவுடன் சரிந்தது. இதை மனத்தில் கொண்டு மைசூருக்குத் திரும்புவோம்.

பத்து வயதில் அரியணை

பத்தாம் சாமராஜ உடையார் 1894ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கல்கத்தாவில் திடீரென மறைந்தார். அவருடைய மூத்த மகன் கிருஷ்ணராஜருக்கு அப்போது பத்து வயது. 1895ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரியணை ஏறினாலும், ஆட்சிப் பொறுப்பை அன்னையார் கெம்பநஞ்சம்மணி ஏற்றுக்கொண்டார். ‘வாணி விலாச சந்நிதான’ என்னும் சிறப்புப் பெயரால் அறியப்பட்ட அவ்வம்மையார் 1902ஆம் ஆண்டு வரை ஆட்சியை நடத்தினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கர்சன் பிரபு முன்னிலையில் மன்னருக்கு முழு அதிகாரம் வழங்கப்பட்டது.

அதே 1902ஆம் ஆண்டில், அன்னையாரின் ஆட்சி முடிவடைவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டம் அது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அம்மின்சாரம் கம்பிவழியே சென்றது. அவ்வளவு நீண்ட தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டு செல்வது அன்று உலக அளவிலேயே அரிய செயல். அச்சுரங்கங்களில் உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1905ஆம் ஆண்டில் பெங்களூர்த் தெருக்களுக்கும் மின்விளக்கு வந்தது.

சுரங்க நிறுவனங்கள் செலுத்திய கட்டணம் அரசுக்கு நிலையான வருவாயாயிற்று. நிலவரியை மட்டும் நம்பியிருந்த ஒரு நாட்டுக்கு இது பெரிய மாறுதல். மழை பொய்த்தாலும் மின்சார வருவாய் பொய்க்காது. பின்னர் வந்த பல திட்டங்களுக்குத் துணிவு அளித்த காரணங்களுள் இதுவும் ஒன்று.

பேசவிட்டுக் கேட்ட அரசு

மைசூரில் 1881ஆம் ஆண்டிலேயே மக்கள் பிரதிநிதிகள் சபை ஒன்று தோன்றியிருந்தது. திவான் ரங்காசார்லுவின் முயற்சியால் 144 உறுப்பினர்களுடன் தொடங்கிய அச்சபை, தசரா விழாவையொட்டி மைசூரில் கூடியது. ஊர்களிலிருந்து வந்த நிலவுடைமையாளர்களும் வணிகர்களும் ஏரி பழுதுபட்டது, சாலை இல்லாதது, வரி மிகுந்தது ஆகியவற்றை எடுத்துரைத்தனர். முடிவெடுக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. ஆனால் ஆட்சியாளர் முகத்துக்கு நேரே குறையைச் சொல்லும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

கிருஷ்ணராஜர் காலத்தில் இவ்வழக்கம் விரிவடைந்தது. 1907ஆம் ஆண்டில் சட்டமன்ற மேலவை அமைந்தது. 1923ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பிரதிநிதிகள் சபைக்குச் சட்ட அடிப்படை அளித்ததுடன், வாக்குரிமையில் பெண்களுக்கு இருந்த தடையையும் நீக்கியது. இடையே 1911ஆம் ஆண்டில் மைசூர்ப் பொருளாதார மாநாடு தொடங்கியது. அப்போது தலைமைப் பொறியாளராக இருந்த மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் கருத்தில் உருவான அமைப்பு இது. வேளாண்மை, கல்வி, தொழிலும் வாணிகமும் என மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. அதிகாரிகளுடன் விவசாயிகளும் வணிகர்களும் அமர்ந்து, நாட்டின் தேவைகளை ஆராய்ந்தனர்.

வங்கி பிறந்த கதை

தொழில் வளர வேண்டுமெனில் முதல் வேண்டும். முதல் வேண்டுமெனில் மக்களின் சிறுசேமிப்பு ஓரிடத்தில் திரண்டு, தேவையுள்ளவரிடம் சென்றாக வேண்டும். அதற்குரிய அமைப்பு மைசூரில் வலுவாக இல்லை. இதனை ஆராய விசுவேசுவரய்யா தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி, மன்னர் அரசின் ஆதரவுடன் 1913ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மைசூர் வங்கி செயற்படத் தொடங்கியது.

அது தொடங்கிய காலம் எத்தகையது என்பதை நோக்கினால்தான் அச்செயலின் துணிவு விளங்கும். 1906ஆம் ஆண்டில் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்து, பல குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பை விழுங்கியிருந்தது. அந்த வீழ்ச்சியின் வேதனையிலிருந்தே 1907ஆம் ஆண்டில் சென்னையில் இந்தியன் வங்கி பிறந்தது. 1913ஆம் ஆண்டிலோ லாகூரிலும் பம்பாயிலும் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அந்நெருக்கடி சில ஆண்டுகள் நீடித்தது. நாடெங்கும் மக்கள் தங்கள் பணத்தைத் திரும்பப் பெற வரிசையில் நின்ற வேளையில், ஒரு புதிய வங்கி கதவைத் திறந்தது.

அவ்வங்கி நிலைத்தது. 1960ஆம் ஆண்டில் பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, ‘ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர்’ என்னும் பெயர் பெற்றது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. பெயர் மறைந்தாலும், அதன் வைப்புகளும் கணக்குகளும் தொடர்ந்தன. அரசர் மறைந்தார், அரசே மறைந்தது, கணக்கேடு மறையவில்லை.

வங்கி நகர வணிகருக்கு உதவியது. சிற்றூர் உழவருக்குக் கூட்டுறவுச் சங்கம் தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரடெரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து அளித்த அறிக்கை இத்துறையில் முன்னோடியானது. 1904ஆம் ஆண்டில் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் ஒரு சங்கம் தோன்றியது. மறு ஆண்டே, 1905இல், மைசூரும் தனக்கெனக் கூட்டுறவுச் சட்டத்தை இயற்றிக்கொண்டது.

சீனத்து இளம்பயிர்க் கடனையும் இக்கூட்டுறவு முறையையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். இரண்டிலும் ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் குழு உண்டு. சீனத்தில் குழுவை அதிகாரி அமைத்தார். இங்கே ஒருவரையொருவர் அறிந்தவர்கள் தாமே கூடிச் சங்கமாயினர். அங்கே இலக்கு கடன் வழங்குவது. இங்கே கடன் திரும்பி வருமா என்பதை உறுப்பினரே எடைபோட்டனர். எல்லாச் சங்கங்களும் வென்றுவிடவில்லை என்பது உண்மை. ஆயினும், தோற்ற சங்கம் ஒன்று மூடப்பட்டதே தவிர, முறை முழுவதும் சரியவில்லை.

காவிரியில் ஓர் அணை, இரு அரசுகள்

கிருஷ்ணராஜரின் பெயர் தாங்கி நிற்கும் கிருஷ்ணராஜ சாகர் அணையின் பணி 1911ஆம் ஆண்டு நவம்பரில் கண்ணம்பாடியில் தொடங்கியது. சிமெண்டைத் தவிர்த்து, சுண்ணாம்புடன் செங்கற்பொடி கலந்த சுர்க்கிக் காரையால் கட்டப்பட்ட அணை இது. ஆனால் கட்டுமானத்தைவிடக் கடினமாக அமைந்தது உடன்பாடு. மைசூர் தன் விருப்பப்படி அணை கட்ட இயலாது. 1892ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, புதிய நீர்த்தேக்கங்களுக்குச் சென்னை அரசின் இசைவு வேண்டும். தஞ்சைக் கழனிகளுக்கு நீர் குறையும் எனச் சென்னை அஞ்சியது. அவ்வச்சம் வீணானதன்று, அங்கே பல்லாயிரம் குடும்பங்கள் அந்நீரை நம்பியே வாழ்ந்தன.

வழக்கு நடுவரிடம் சென்றது; மேல்முறையீடு இலண்டன் வரை போனது. இறுதியில் 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மைசூர் தன் அணையை 124 அடி வரை உயர்த்தலாம். சென்னை மேட்டூரில் பேரணை ஒன்றைக் கட்டலாம். மேட்டூர் அணையின் பணி மறு ஆண்டே தொடங்கி, 1934ஆம் ஆண்டு நிறைவுற்றது. கண்ணம்பாடி அணையிலிருந்து புறப்பட்ட இர்வின் கால்வாய் மாண்டியாவின் வறண்ட நிலங்களை நெல்லும் கரும்பும் விளையும் பூமியாக்கியது. 1933ஆம் ஆண்டில் மாண்டியாவில் மைசூர்ச் சர்க்கரை நிறுவனமும் உருவாயிற்று.

மார்டள்ளி இவ்விரு அணைகளுக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் இருக்கிறது. கீழே மேட்டூரில் தேங்கும் நீர் டெல்டாவுக்குப் போகிறது. மேலே கண்ணம்பாடியில் தேங்கும் நீர் மாண்டியாவுக்குப் போகிறது. மலையடிவாரத்தில் மானாவாரி உழவு செய்தவர்களைப் பொறுத்தவரை, இரு பெரும் அணைகளும் அண்டை வீட்டுக் கிணறுகளே.

பள்ளி, பணி, சமநீதி

சாதி எல்லையைத் தாண்டும் சீர்திருத்தமே மிகக் கடினமானது. தொடக்கக் கல்வியில் கட்டணம் நீக்கப்பட்டது. 1913ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்த பகுதிகளில் கட்டாயக் கல்விக்கான சட்டம் வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்த்தபோது எதிர்ப்பு எழுந்தது, அரசு பின்வாங்கவில்லை. அரசுப் பொறுப்பிலிருந்த கோயில்களில் தேவதாசி முறை 1909ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. 1916ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மன்னராட்சிப் பகுதிகளில் தோன்றிய முதல் பல்கலைக்கழகம் அதுவே.

படித்தவர்க்குப் பணி யாருக்குக் கிடைக்கும் என்னும் கேள்வி அடுத்து வந்தது. அரசுப் பதவிகளில் பெரும்பான்மை ஒரு சமூகத்தாரிடமே இருப்பதைச் சுட்டிக்காட்டி, 1917ஆம் ஆண்டில் தோன்றிய பிரஜா மித்திர மண்டலி மன்னரிடம் முறையிட்டது. மன்னர், தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் 1918ஆம் ஆண்டு குழு அமைத்தார். ஏழு ஆண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதிக்குக் குறையாமலும், கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிற்பட்ட சமூகங்களுக்கு வழங்கப்பட வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது.

தகுதி குன்றும் என விசுவேசுவரய்யா இதற்கு உடன்படவில்லை. தம் ஆட்சியின் மிகச்சிறந்த நிர்வாகி எனக் கருதப்பட்டவரின் கருத்து ஒருபுறம். காலங்காலமாக வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் முறையீடு மறுபுறம். மன்னர் முறையீட்டின் பக்கம் நின்றார். 1918ஆம் ஆண்டின் இறுதியில் திவான் பதவியிலிருந்து விசுவேசுவரய்யா விலகினார். வங்கியையும் பல்கலைக்கழகத்தையும் அளித்த கூட்டணி இக்கேள்வியில் முறிந்தது. அதே காலத்தில், 1921ஆம் ஆண்டில், சென்னையில் நீதிக்கட்சி அரசும் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. கோட்டின் இருபுறமும் ஒரே கேள்வி, ஏறத்தாழ ஒரே விடை.

எட்டாத இடங்கள்

இவ்வாட்சியின் குறைகளையும் கூறுதல் முறை. கண்ணம்பாடி அணைக்காக அவ்வூர் உள்ளிட்ட பல ஊர்கள் நீரில் மூழ்கின. அம்மக்கள் வேறிடம் சென்று வாழ்வைப் புதிதாகத் தொடங்க நேர்ந்தது. பிரதிநிதிகள் சபை பேசியதே தவிர ஆளவில்லை. வாக்குரிமை சொத்தும் கல்வியும் உடைய சிலருக்கே இருந்தது. 1938ஆம் ஆண்டில் விதுராசுவத்தத்தில் தேசியக் கொடி ஏற்றக் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் உயிரிழந்தனர். காந்தியடிகளால் ‘ராஜரிஷி’ எனப் போற்றப்பட்டவரின் நாட்டிலேயே இது நிகழ்ந்தது. அவர் 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் மறைந்தார். பொறுப்பாட்சி 1947ஆம் ஆண்டில், மக்களின் போராட்டத்திற்குப் பின்னரே மைசூருக்கு வந்தது.

கேட்கும் செவி இருப்பது நன்று, ஆனால் கேட்பதும் கேளாதிருப்பதும் ஆள்பவரின் விருப்பமாக இருக்கும் வரை, அது உரிமையாகாது, சலுகையே.

நமக்குரிய பாடம்

ஷென்சோங்கும் கிருஷ்ணராஜரும் இளவயதில் ஆட்சிக்கு வந்தவர்கள். மக்கள் நலம் நாடியவர்கள். திறமையான அமைச்சரைப் பெற்றவர்கள். முன்னவரின் பயிர்க்கடன், மேலிருந்து வந்த இலக்கால் கெட்டது. பின்னவரின் வங்கியும் சங்கமும் பல்கலைக்கழகமும் தமக்கெனச் சட்டம், தமக்கெனக் கணக்கு, தமக்கென நிர்வாகம் ஆகியவற்றைப் பெற்றிருந்ததால் நிலைத்தன. நல்லவரை நம்புவது போதாது. நல்லவர் இல்லாத நாளிலும் இயங்கும் விதி வேண்டும்.

வங்கித் துறையில் அத்தகைய விதிகள் துன்பத்திலிருந்தே பிறந்தன. 1960ஆம் ஆண்டில் கேரளத்தின் பாலை மத்திய வங்கி வீழ்ந்த பின்னர், 1962ஆம் ஆண்டில் இந்தியாவில் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 2020ஆம் ஆண்டு முதல், ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ரூபாய் 5 இலட்சம் வரை இக்காப்பீடு உண்டு. வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். ஊர்களிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் வைப்புகளுக்கு இது பொருந்தாது. இவ்வேறுபாட்டை அறிந்து வைப்பிடுதல் நன்று. அவ்வாறே, யாரோ ஒருவரின் இலக்குக்காக நமக்குத் தேவையற்ற கடனையோ திட்டத்தையோ ஏற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. கேள்வி கேட்பதும், விளக்கம் கிடைக்கும் வரை கையொப்பமிடாதிருப்பதும் வாடிக்கையாளரின் உரிமை. தன் வங்கியில் முறையிட்டும் தீர்வு கிடைக்காதவர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

மார்டள்ளியில் கணக்கு வைத்திருக்கும் உழவருக்கும், மேட்டூரில் கணக்கு வைத்திருக்கும் உழவருக்கும் இன்று இவ்விதிகள் ஒன்றே. ஒரு காலத்தில் அவர்கள் முன்னோர் ஒரே மாகாணத்தில் வாழ்ந்தனர். இன்று இரு மாநிலங்களில் வாழ்கின்றனர். கோடுகள் இடம் மாறியிருக்கின்றன. எந்தக் கோட்டுக்கு எந்தப் புறம் பிறந்தோம் என்பதைக் கொண்டு ஒருவரின் சேமிப்பின் பாதுகாப்பு மாறக் கூடாது என்னும் நிலைக்கு நாம் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அதைக் காப்பது நம் அனைவரின் கடமை.